ஒற்றன் இல்லாப் போர்

பகைவன் படை எத்துணை, அவன் கைக்கொண்ட கருவி யாது, எந்த வாயில் வழியே நுழைகிறான் என்பவற்றை அறியாமல் போருக்குக் கிளம்பிய மன்னனை நம் புலவர்கள் புகழ்ந்து பாடியதாக நான் படித்ததில்லை. பாடியிருந்தால் அது கையறுநிலைப் பாட்டாகத்தான் இருந்திருக்கும். மருத்துவத்தைப் பற்றி எழுதப் புகுவோர் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்வது மன்ற இதழ்களின் வழக்கம். நான் உங்களை ‘ஒற்றாடல்’ அதிகாரத்தின் பக்கம் அழைக்கிறேன். படைக்கும் குடிக்கும் அரணுக்கும் இடம் வகுத்த வள்ளுவர் ஒற்றனுக்கும் பத்துக் குறள் ஒதுக்கினார். இன்று நம் மருத்துவமனைகளில் நடக்கும் போருக்கு மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கின்றனர், வானளாவிய கட்டடங்களும் இருக்கின்றன. ஒற்றன்தான் போதவில்லை.

எந்தப் போர் என்று கேட்பீர்கள். சீழ்ப்புண், சிறுநீர்த் தொற்று, நுரையீரல் அழற்சி, பிள்ளை பெற்ற தாயின் குருதியில் நஞ்சேறுதல் ஆகியவற்றை விளைக்கும் பாக்டீரியாக்களோடு மனிதன் நடத்தும் போரைச் சொல்கிறேன். 1928-இல் லண்டன் மாநகரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்னும் அறிஞர் ஒரு பூஞ்சணத்தின் அருகே கிருமிகள் கரைந்து கிடக்கக் கண்டார். பெனிசிலின் பிறந்தது. சாவு வாயிலில் நின்றவரெல்லாம் எழுந்து நடந்தனர். ஆனால் அந்த மருந்து ஊருக்கு வந்து சேருமுன்பே, 1940-இல், ஆபிரகாம், செயின் என்னும் இருவர் பெனிசிலினையே உடைத்தெறியும் ஒரு நொதி சில கிருமிகளிடம் இருப்பதைக் கண்டுவிட்டனர். நாம் வாளை உறையிலிருந்து உருவவில்லை. பகைவனோ கேடயத்தோடு நின்றான்! 1945-இல் நோபல் பரிசு பெற்ற மேடையில் நின்றுகொண்டே ஃபிளெமிங் எச்சரித்தார்: அளவு குறைத்து மருந்து உண்பவன் தன் உடலில் கிருமியைக் கொல்வதற்குப் பதிலாக அதற்குப் பயிற்சி அளிக்கிறான் என்பது அவர் சொன்னதன் சாரம். பரிசு உரையில் கசப்பைப் பேசத் துணிந்த அந்த அறிஞரை எண்ணி வியக்கிறேன்.

கிருமியின் வலிமை அதன் பெருக்கத்தில் இருக்கிறது. ஈ.கோலி என்னும் குடல்வாழ் பாக்டீரியம் வாய்ப்பான சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். இத்தனை பிறப்புகளில் எங்கோ ஒன்று மருந்தை மீறும் தன்மையோடு பிறந்துவிடுகிறது. மருந்து மற்றவற்றைக் கொல்ல, எஞ்சிய அந்த ஒன்று நாடாளத் தொடங்குகிறது. இதனினும் வியப்பு வேறொன்று உண்டு. மனிதன் தன் சொத்தைத் தன் மகனுக்கு எழுதி வைக்கிறான். கிருமியோ தன் படைக்கலத்தைப் ‘பிளாஸ்மிட்’ என்னும் சிறு மரபு வளையத்தில் வைத்து அண்டை வீட்டுக்கும், வேற்றுக் குலத்துக்கும் கொடுத்துவிடுகிறது. பொதுவுடைமையை ஏட்டில் படிக்கும் நமக்கு முன்பே அது வாழ்ந்து காட்டுகிறது போலும்!

உலக அளவில் இதன் விலை என்ன? 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்தை மீறிய பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்த பேராய்வு மதிப்பிட்டது. மதிப்பீடு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் எண்ணவில்லை, ஏன் மதிப்பிட்டார்கள்? பல நாடுகளில் எண்ணி வைத்தவர் இல்லை, அதனால்தான்.

ஒற்றன் வேலை செய்யும் முறை கடினமானதன்று. பட்ட வகுப்பின் முதலாண்டு மாணவனும் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். நோயாளியின் சீழிலோ சிறுநீரிலோ ஒரு துளி எடுத்து, அகர் என்னும் கடற்பாசிக் கூழ் ஊற்றிய தட்டில் தீற்றி, உடற்சூட்டளவு வெப்பத்தில் ஓர் இரவு வைத்தால் மறுநாள் கிருமிக் குடும்பங்கள் பொட்டுப் பொட்டாக எழும்பி நிற்கும். மருத்துவமனைகளில் ‘கல்ச்சர்’ என்கிறார்களே, அது இதுதான். அந்தக் கிருமியை எடுத்து வேறொரு தட்டு முழுவதும் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். மறுநாட் காலையில் பார்த்தால், வெல்லும் மருந்தைச் சுற்றித் தெளிந்த வட்டம் இருக்கும். தோற்கும் மருந்தின் விளிம்புவரை கிருமி வந்து நிற்கும். வட்டத்தின் விட்டத்தை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பது ஒன்றே மீதி வேலை. 1966-இல் அமெரிக்க நாட்டு பௌவர், கிர்பி முதலானோர் ஒழுங்குபடுத்தி வெளியிட்ட இம்முறை, பெரும் பொறிகள் வந்துவிட்ட இந்நாளிலும் உலகெங்கும் உழைத்துக்கொண்டிருக்கிறது. காகிதமும் கூழும் அளவுகோலும்! ஏழை நாட்டுக்கென்றே அமைந்தது போன்ற விஞ்ஞானம்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இந்தச் சோதனை முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். குருதியில் நஞ்சேறி இரவு இரண்டு மணிக்குக் கொண்டுவரப்படும் நோயாளி மூன்று நாள் காத்திருப்பாரா? ஆகவே பணியிலிருக்கும் இளம் மருத்துவர் ஊகத்தின் மீதுதான் முதல் மருந்தைத் தொடங்க வேண்டும். அந்த ஊகத்துக்கு அடிப்படை வேண்டும். ‘சென்ற ஆண்டு இதே மருத்துவமனையில் இதே நோயாளிகளிடம் கண்ட நூறு கிருமிகளில், இந்த மருந்துக்கு அடங்கியவை எத்தனை, அந்த மருந்துக்கு அடங்கியவை எத்தனை’ என்று சொல்லும் ஒரு தாள் அவர் கையில் இருந்தால், அவர் ஊகம் அறிவாகிறது. அந்தத் தாளை ‘ஆன்டிபயோகிராம்’ என்பர். அது இல்லாத இடத்தில் அச்சமே அவர் கையைப் பிடித்து எழுத வைக்கிறது. இருப்பதிலேயே வலிய மருந்தை எழுதுகிறார். நாளடைவில் அந்த வலிய மருந்தையும் மீறக் கிருமி கற்றுக்கொள்கிறது. அந்த மருத்துவரைப் பழிப்பதற்கில்லை. அவருக்குத் தாள் கொடுக்காதவர்களைப் பழிப்போம்.

கிருமிக் கணக்கெடுப்பு என்றவுடன் நம்மில் பலர் அதனைப் புதுதில்லிக்கு அனுப்பும் அறிக்கை என்றும், ஜெனீவாவில் நடக்கும் மாநாட்டுக்குத் தேவையான அட்டவணை என்றும் நினைக்கிறோம். அந்த எண்ணமே இந்தப் பணியைக் கெடுத்தது என்பேன். கணக்கின் முதல் உரிமையாளர் அந்த இரவு இரண்டு மணி மருத்துவர். தில்லியும் ஜெனீவாவும் பிறகு.

கணக்கைக் காட்டியவன் மீது ஊரே சீறிய கதை ஒன்று உண்டு. அதனைத் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். புதுதில்லியில் மருத்துவம் பெற்றுச் சுவீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், 2008-இல், கார்பபெனெம் என்னும் கடைநிலை மருந்துகளையும் உடைக்கும் ஒரு கிளெப்சியெல்லா கிருமி அகப்பட்டது. அதன் நொதிக்கு 2009-இல் ‘நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்’ என்று பெயர் சூட்டினர், என்.டி.எம்.-1 என்று சுருக்கினர். 2010 ஆகஸ்டில் ‘லான்செட் தொற்றுநோய்கள்’ ஏட்டில் விரிவான கட்டுரை ஒன்று வந்தது. அதன் முதல் ஆசிரியர், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் ஆய்வு மாணவராக இருந்த குமாரசாமி கார்த்திகேயன். கார்டிஃப் நகரத்துத் திமோதி வால்ஷ் முதலானோர் உடனெழுதினர். சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்திய, பாக்கிஸ்தானப் பிற இடங்களில் 73 என அந்நொதி கொண்ட கிருமிகளை அவர்கள் எண்ணிக் காட்டினர். பெரும்பாலானவற்றுக்குக் கொலிஸ்டின், டைகிசைக்ளின் என இரண்டே மருந்துகள் எஞ்சியிருந்தன.

எழுந்தது பாருங்கள் கூச்சல்! நாட்டின் பெயருக்குக் களங்கம் என்றனர். வெளிநாட்டு நோயாளிகளை நம் மருத்துவமனைகளிலிருந்து விரட்டச் செய்த சூழ்ச்சி என்றனர். நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்தது. கட்டுரையின் சில முடிவுரைகளோடு தமக்கு உடன்பாடில்லை என்று அதன் முதல் ஆசிரியரே செய்தியாளரிடம் சொல்லும் நிலை வந்தது. பெயரைப் பற்றிய மனக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. இத்தாலியின் வெரோனாவின் பெயரிலும் பிரேசிலின் சாவோ பாவுலோவின் பெயரிலும் இத்தகைய நொதிகள் முன்பே இருந்தன என்பது மெய்யே; ஆயினும் ஒரு தலைநகரின் பெயரை நோயோடு கட்டிவிடுவது அழகன்று. லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டனே 2011 ஜனவரியில் அந்தப் பெயரிடலைத் தவறென ஒப்பி வருத்தம் தெரிவித்தார். நன்று. ஆனால் பெயருக்காக எழுந்த குரலில் பாதியாவது, ‘சென்னையில் அந்த 44 எந்த வார்டுகளிலிருந்து வந்தன? அடுத்த ஆண்டு எத்தனை? மதுரையில் எத்தனை? பெங்களூரில் எத்தனை?’ என்று கேட்க எழுந்திருக்கக் கூடாதா? 2011-இல் வால்ஷும் கூட்டத்தாரும் தில்லித் தெருக்களில் தேங்கிய நீர் 171 இடங்களிலும், குழாய் நீர் 50 இடங்களிலும் எடுத்துப் பார்த்ததில், தேங்கிய நீரில் 51 இடங்களிலும் குழாய் நீரில் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. அதற்கும் மறுப்புத்தான் முதலில் வந்தது. கண்ணாடியை உடைத்தால் முகத்திலுள்ள கறை போய்விடும் என்று நினைப்பாருண்டோ!

கூச்சலால் விளைந்த நன்மையையும் மறைக்க மாட்டேன். 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் தாறுமாறான பயனுக்கு வேலி போட வேண்டும் என்று ‘சென்னைப் பிரகடனம்’ செய்தன. மருத்துவர் அப்துல் கஃபூர் அதற்காக ஓடியாடி உழைத்தவர். 2013-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருந்தை மீறும் கிருமிகளைக் கண்காணிக்க ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் அதன் தலைமை நிலையங்களுள் இடம் பெற்றன. 2014 மார்ச்சு முதல், சில வலிய மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்ற ‘எச்-1’ விதி நடைமுறைக்கு வந்தது. 2017-இல் நாட்டுக்கென ஒரு செயல்திட்டம் வெளிவந்தது. 2019-இல் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் கொடுப்பது தடுக்கப்பட்டது. இவை சிறு செயல்கள் அல்ல.

அந்த வலையமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் எண்கள் நெஞ்சை உலுக்குகின்றன. 2016-இல் ஈ.கோலி கிருமிகளில் நூற்றுக்கு 86 இமிபெனெம் மருந்துக்கு அடங்கின. 2021-இல் 64 தான் அடங்கின. கிளெப்சியெல்லாவில் 65 ஆக இருந்தது 43 ஆக இறங்கியது. அசினெட்டோபாக்டர் என்னும் கொடியவனோ 2021-இல் நூற்றுக்கு 87-க்கு மேல் கார்பபெனெம்களை மீறி நின்றான். ஐந்தாண்டில் இத்துணைச் சரிவு!

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. இந்த எண்கள் யாருடையவை? பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளுடையவை. அங்கே கல்ச்சருக்கு வருபவர் யார்? ஊரில் ஒரு மருத்துவரிடம் ஒரு மருந்து, அது கேளாமல் இன்னொருவரிடம் மற்றொன்று, பிறகு ஒரு நர்சிங் ஹோமில் ஊசிகள் என்று மூன்று வாயில் கடந்து, கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர். அவர் உடலில் எஞ்சிய கிருமி பல முறை வடிகட்டப்பட்டு நிற்பது. முதல் மருந்திலேயே குணமாகி வீடு திரும்பிய ஆயிரவர் உடலிலிருந்த கிருமியை எவரும் தட்டில் வளர்த்ததில்லை. ஆகவே 43 என்னும் எண் அந்த வார்டுக்கு மெய். மாகடிக்கும் மாலூருக்கும் அது மெய்யா? நம் ஒற்றன் அரண்மனையைச் சுற்றியே நடமாடுகிறான். எல்லைப்புறத்தில் அவன் காலடியே பட்டதில்லை. சிற்றூர் மருத்துவர் செய்தித்தாளில் அந்த எண்ணைப் படித்தால் ஒன்று அஞ்சுவார், அஞ்சி வலிய மருந்தை எடுப்பார். அல்லது ‘இது பெரிய மருத்துவமனைக் கவலை’ என்று தள்ளிவிடுவார். இரண்டும் இருட்டில் எய்த அம்பு.

முறையாக எண்ணுவது எப்படி என்பதற்குச் சான்று தேடி வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் பெங்களூரின் பல்லாரிச் சாலையிலேயே அது இருக்கிறது. பேருந்தில் அவ்வழியே செல்லும் மாணவர்களில் எத்தனை பேர் தேசியக் காசநோய் நிறுவனத்தின் பெயர்ப் பலகையைப் படித்திருப்போம்? 1959-இல் தொடங்கப் பெற்று, 1960-இல் நேரு பெருமகனாரால் திறந்து வைக்கப்பட்டது அது. காசநோயும் ஒரு பாக்டீரியாவால் வருவதுதான். மருந்தை மீறும் கலையில் அது மூத்த ஆசிரியன். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தால் சில திங்களில் கிருமி அதற்கு மசியாமற் போவதை 1948-லேயே பிரிட்டிஷ் ஆய்வு காட்டிவிட்டது. ஆதலின் காசநோய்க்காரர்கள் தொடக்க முதலே ஆய்வுக்கூடத்தைக் கையோடு பிடித்துக்கொண்டனர். சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் எழுந்த நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்பவரும் விடுதியில் படுத்திருப்பவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைகின்றனர் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்ததும் நோயாளியின் சளியைத் திங்கள்தோறும் வளர்த்துப் பார்த்த வலிமையால்தான்.

2014 முதல் 2016 வரை நாடு முழுவதற்குமான முதல் காசநோய் மருந்தெதிர்ப்புக் கணக்கெடுப்பு நடந்தது. பெங்களூர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அதற்கு நடுநாயகமாக இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? பெரிய மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணவில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள சாதாரணக் காசநோய் நிலையங்களை முறைப்படி தேர்ந்து, அங்கே வந்த 5,280 நோயாளிகளை எடுத்துக்கொண்டனர். புதியவர் வேறு, முன்பு மருந்துண்டவர் வேறு எனப் பிரித்தனர். சளியை வளர்த்து 13 மருந்துகளுக்கு ஈடுகொடுக்கிறதா என்று சோதித்தனர். இரண்டு முதன்மை மருந்துகளையும் மீறும் கொடிய காசம் புதியவரில் நூற்றுக்கு 2.84, முன்பு மருந்துண்டவரில் நூற்றுக்கு ஏறத்தாழ 11.6 என்று விடை வந்தது, 2018-இல் வெளியிட்டனர். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மருத்துவமனை வாயிலில் மட்டும் நின்று எண்ணியிருந்தால் பெரிய எண்ணே நாட்டின் எண் என்று அறிவித்திருப்போம். முறையாகத் தேர்ந்து எண்ணியதால் நான்கு மடங்கு வேற்றுமை வெளிப்பட்டது. எவருக்கு எந்தச் சோதனை முதலில் வேண்டும் என்று முடிவு செய்யவும் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

காசத்துக்குச் செய்ததைச் சிறுநீர்த் தொற்றுக்கும் டைபாய்டுக்கும் குருதித் தொற்றுக்கும் ஏன் செய்யக் கூடாது? ‘காசநோய்க்குத் தனித் துறை உண்டு; தனிப் பணம் உண்டு’ என்பார்கள். மறுக்கவில்லை. ஆயினும் நான் கேட்பது மாளிகை அன்று. மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர், தேர்ந்த உதவியாளர் இருவர் மூவர், வெப்பப் பெட்டி, நீராவிக் கலம், குளிர்ப்பெட்டி, தடையில்லாமல் வந்து சேரும் அகரும் வில்லைகளும். இவற்றோடு ஆண்டுக்கு ஒரு முறை, நோயாளியாக வந்தவர் எல்லாரிலும் ஒரு பகுதியினரை, மருந்து தொடங்குமுன்பே, குணமாகக் கூடியவர் ஆகாதவர் என்ற வேறுபாடின்றிச் சோதிக்கும் ஒழுங்கு. கேரளம் 2018-இல் நாட்டிலேயே முதலாவதாக மாநிலச் செயல்திட்டம் வகுத்து, மாவட்ட ஆய்வுக்கூடங்களைக் கோத்து, மாநிலத்தின் கணக்கை வெளியிடும் வழிக்கு வந்துவிட்டது. அண்டை வீட்டான் செய்ததைக் கருநாடகமும் தமிழகமும் செய்ய முடியாது என்று சொன்னால் நம்ப நான் ஆயத்தமில்லை.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கூடம் திறந்தால் போதாது. பொய்யான ஒற்றன் ஒற்றன் இல்லாமையினும் தீயவன். வில்லைகளைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் மேசைமேல் கிடக்கவிட்டால் மருந்து ஆற்றல் இழக்கும்; நல்ல கிருமியும் மருந்தை மீறியதுபோல் தோன்றும். அகர் நான்கு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். சிக்கனம் கருதி மெல்லியதாக ஊற்றினால் வட்டம் பெரிதாகித் தீய கிருமியும் அடங்கியதுபோல் காட்டும். முன்னதனால் வேண்டாத வலிய மருந்து, பின்னதனால் உயிர். ஆகவே குணம் தெரிந்த ஒரு கிருமியை ஒவ்வொரு கூடத்திலும் வைத்து, அதனையும் அடிக்கடி சோதித்து, விடை சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் மறைமுகத் தேர்வுக்கும் கூடம் உட்பட வேண்டும். நாம் தேர்வெழுதுகிறோமே, ஆய்வுக்கூடம் எழுதினால் என்ன?

இவ்வளவு பழைய முறைகளைப் பற்றியே பேசுகிறானே, மரபணு யுகத்தில் வாழவில்லையா என்று உயிர்த்தொழில்நுட்ப நண்பர்கள் நகைக்கக் கூடும். பெங்களூரின் கெம்பேகௌடா மருத்துவ விஞ்ஞான நிறுவனத்து மைய ஆய்வுக்கூடம், கொலம்பியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளின் கூடங்களோடும் பிரிட்டிஷ் அறிஞர்களோடும் கைகோத்து, கிருமியின் மரபணுவை முழுமையாகப் படித்து எந்தக் குடி எங்கிருந்து எங்குப் பரவுகிறது என்று தேடி வருகிறது. ஒரே கிளெப்சியெல்லாவாகத் தோன்றுபவற்றுள் இன்ன இன்ன குடிகளே மருத்துவமனைகளில் வேரூன்றிக் கொடுமை செய்கின்றன என்பது அவ்வாறு தெரிய வந்தது. அரிய பணி, நம் நகருக்குப் பெருமை. ஆனால் மரபணுவைப் படிக்கும் பொறிக்குள் இடுவதற்கு முதலில் கிருமி வேண்டுமே! அதனை எங்கோ ஒரு சிறு மருத்துவமனையில், ஒரு பெண் உதவியாளர், ஒரு தட்டில் வளர்த்து, எடுத்து, பெயரெழுதி, உறைய வைத்து அனுப்பினால்தான் உண்டு. அவருக்கு நிலையான வேலையும் தக்க சம்பளமும் இல்லையென்றால் கோடி ரூபாய்ப் பொறி வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்.

நம் விடுதிகளைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் தொண்டை கரகரத்தால் இரவு உணவுக்கு முன் மருந்துக்கடைக்குச் சென்று, முன்பொரு முறை எழுதிக் கொடுத்த சீட்டின் படத்தைக் காட்டி, மூன்று அசித்ரோமைசின் மாத்திரை வாங்கிவரும் தோழர்களை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். சளிக்காய்ச்சலில் பெரும்பகுதி வைரசால் வருவது. அதன்மேல் அந்த மாத்திரைக்கு அதிகாரம் இல்லை. குடலில் அமைதியாக வாழும் கிருமிகளுக்கு மட்டும் பயிற்சி வகுப்பு நடந்து முடிகிறது. விற்ற கடைக்காரரைக் குறை சொல்லிப் பயன் என்ன? கேட்டவன் பட்டதாரி.

இறுதியாக, எல்லையில் வாழும் நமக்கே உரிய கோரிக்கை ஒன்று. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நோய் முற்றியவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்சுகள் பெங்களூரை நோக்கி வருவதை நாளும் காண்கிறோம். அத்திப்பள்ளிச் சாவடியில் லாரி நிற்கும், கிருமி நிற்காது. நோயாளியோடு அவருடைய பழைய கல்ச்சர் சீட்டும் வர வேண்டும். பெங்களூரில் கண்ட விடை ஓசூர் மருத்துவருக்குத் திரும்பிப் போக வேண்டும். இரு மாநில மாவட்ட மருத்துவமனைகளும் ஒன்றன் கணக்கை ஒன்று படிக்கும் ஏற்பாட்டை இரு அரசுகளும் செய்தாக வேண்டும். தண்ணீர்க் கணக்கில் ஒத்துப்போகாதவர்கள் கிருமிக் கணக்கிலாவது ஒத்துப்போகலாம் அல்லவா? அந்தக் கணக்கு தடித்த நூலாக அச்சாகி அலமாரியில் உறங்க வேண்டாம். ஒரே தாள் போதும். கிருமியின் பெயர் இடப்பக்கம், மருந்தின் பெயர் மேலே, கட்டங்களில் எண். மூலையில் எத்தனை நோயாளிகளிடம் எண்ணியது, எந்த ஆண்டில் எண்ணியது என்ற குறிப்பு. அது மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பணி மருத்துவரின் மேசைக் கண்ணாடியின் கீழே இருக்க வேண்டும். ஆண்டு மாறியதும் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும்.